அணை, அணை! – ஒரு சமையற்கூடத் தீயும் யாரிடமும் போய்ச் சேராத கட்டளைகளும்

மும்பை தாராவியில், 90 அடி சாலையை ஒட்டிய ஒரு நலச்சங்க மண்டபத்தில் காது குத்து விழா நடந்த காலையில், வடை பொரிக்க வைத்திருந்த எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. சமையல் மாஸ்டருக்கு வலது முன்கையில் தீக்காயம் ஏற்பட்டது. தகரக் கூரைக்குக் கீழிருந்த மரச்சட்டம் ஒன்று கருகியது. நான் தானே–பேலாப்பூர் தொழிற்பகுதியில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்ப்பவன் என்பதால், நடந்ததை விசாரித்து எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். அடுப்பு, சிலிண்டர், காற்றோட்டம் பற்றிய அறிக்கையைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். அதைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் விசாரிக்க விசாரிக்க வேறொரு கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது. தீ எரிந்த ஏறக்குறைய முக்கால் நிமிட நேரத்தில் அந்த இடத்தில் கட்டளைகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. கடைசியில் வந்த மூன்றைத் தவிர, அவற்றில் ஒன்றுகூட நடக்க வேண்டிய வேலையை நடத்திவைக்கவில்லை. ஏன் அப்படிக் கத்தினார்கள், கத்தியது ஏன் பலிக்கவில்லை, பலித்த மூன்றில் என்ன இருந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது

சமையற்கூடம் மண்டபத்தின் பின்சுவரை ஒட்டித் தகரம் வேய்ந்த நீளமான சாய்ப்பு. இரண்டு பெரிய கேஸ் அடுப்புகள், சுவரோரம் 19 கிலோ வணிகச் சிலிண்டர்கள், ஒரு கிரைண்டர், மூலையில் தண்ணீர் டிரம், மண்டபத்துக்குள் போக ஒரே ஒரு கதவு. மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அன்றைக்கு அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவன் தாராவியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். இன்னொருவர் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த, இந்தி மட்டும் தெரிந்த இளைஞர்.

முதல் ஈடு வடை இறங்கியதும் மாவு தீர்ந்துவிட்டது. அடுத்த ஈட்டுக்கு உளுந்து கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்ச் சூடு இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அடுப்பை எரியவிட்டிருந்த நேரத்தில், முதல் பந்திக்கு எத்தனை இலை போடலாம் என்று கேட்பதற்காக மாஸ்டரை மண்டபத்துக்குள் கூப்பிட்டார்கள். எண்ணெய் புகையத் தொடங்கியதை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பையன் பார்த்திருக்கிறான். மாஸ்டர் வந்து பார்ப்பார் என்று இருந்துவிட்டான். பிறகு எண்ணெயின் மேற்பரப்பு முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

ஓடிவந்த மாஸ்டர், துணியால் கைப்பிடிகளைப் பிடித்துச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கப் பார்த்தார். எண்ணெய் அலம்பி முன்கையில் பட்டது. சட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தார். அதற்குள் கதவை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. விழாவைப் படம்பிடிக்க வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் கையிலிருந்த போனை அப்படியே இந்தப் பக்கம் திருப்பிவிட்டான். அந்தப் பதிவு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை, ஏனென்றால் என்ன கத்தினோம் என்று கேட்டபோது ஒருவருக்கும் சரியாக நினைவில்லை.

பதிவை மெதுவாக ஓட்டிக் காதில் விழுந்த ஏவல்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். “அணை, அணை, அணைலே!” என்பதுதான் அதிகம். “தண்ணிய ஊத்தாத!” என்று இரண்டு குரல்கள். அதே நேரத்தில் தண்ணீர் கொண்டு வா என்று இந்தியில் “பானி லாவ், பானி!” என இன்னொரு குரல். “சிலிண்டர், சிலிண்டர்!” என்று ஒருவர் வினையே இல்லாமல் கத்துகிறார். “எல்லாரும் வெளிய போங்க” என்று கதவில் நிற்பவர் சொல்கிறார், அவரே நகரவில்லை. “யாராச்சும் ஃபயர் பிரிகேடுக்கு போன் போடுங்கப்பா!” “பாத்து, பாத்து!” “தாயே, காப்பாத்து!” எல்லாவற்றுக்கும் மேலே ஓங்கிக் கேட்கும் குரல் சங்கச் செயலாளருடையது: “கத்தாதீங்க! யாரும் கத்தாதீங்க!”

இத்தனைக்கும் நடுவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் சிலிண்டரிலிருந்து கைநீட்டும் தூரத்தில் நின்றான். முதலில் அசையவே இல்லை. பிறகு தண்ணீர் வாளியைத் தூக்கினான்.

எரியும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் இறங்கும். இறங்கிய நொடியிலேயே ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். விரியும் ஆவி எரியும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்து மேலே தூக்கி வீசும். தாழ்ந்த கூரைக்குக் கீழே, ஒரே கதவில் அத்தனை பேர் அடைத்து நின்ற நிலையில் அந்த வாளி கவிழ்ந்திருந்தால், நான் இந்த நிகழ்வை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

கவிழவில்லை. தெருவில் எல்லோரும் சித்தி என்று கூப்பிடுகிற ஒரு பெண்மணி, மருத்துவமனையின் அறுவை அரங்கில் பல வருடம் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தார். பதிவில் அவர் குரல் தாழ்ந்தே கேட்கிறது. வாளியைப் பிடித்திருந்த பையனின் மணிக்கட்டைப் பற்றி, “தம்பி, என்னப் பாரு. வாளிய கீழ வை” என்றார். அவன் வைக்கும் வரை காத்திருந்தார். “அந்த ரெகுலேட்டர மூடு.” அவன் குனிந்து மூடினான், “மூடியாச்சு சித்தி” என்றான். பிறகு இந்தி பேசும் இளைஞர் பக்கம் திரும்பி, சாம்பார் அண்டாவின் மூடியைக் கைகாட்டி, “பையா, வோ டக்கன் லா” என்றார். அவர் கொடுத்ததை வாங்கி, தன் பக்கத்து விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளிச் சட்டியை மூடினார். தீ அடங்கியது. நன்றாக ஆறும் வரை மூடியை யாரையும் தொடவிடவில்லை. சூடு இறங்குவதற்குள் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

போன் திரையின் முன்னால்

விசாரணையின் ஒரு பகுதியாக, சங்க நிர்வாகிகளோடும் அன்று அங்கே இருந்தவர்களோடும் சேர்ந்து அந்தப் பதிவைப் பார்த்தோம். முடிவு எல்லோருக்கும் தெரியும். தீ அணைந்ததும், யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை என்பதும் தெரியும். மாஸ்டரே கையில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருந்தும் பையன் வாளியைத் தூக்குகிற இடம் வந்ததும், “ஊத்தாதலே!” என்று செயலாளர் போனைப் பார்த்துக் கத்தினார். “ரெகுலேட்டர மூடு, ரெகுலேட்டர மூடு” என்றார் இன்னொருவர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன், திரையில் வாளியோடு நிற்கும் தன்னையே பார்த்து, வாய்க்குள், “வைய்யி, கீழ வைய்யி” என்றான்.

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான தடயம் இதுவே என்று கருதுகிறேன். நடந்து முடிந்துவிட்ட ஒன்றை நோக்கி, கேட்கக் காதில்லாத கண்ணாடியை நோக்கி, முடிவு தெரிந்த ஒருவர் கட்டளையிடுகிறார் என்றால், அந்தக் கட்டளை யாரையும் பணியவைப்பதற்காகப் பிறந்தது என்று சொல்ல முடியாது. அப்படியானால், தீயின் முன்னால் நின்று கத்தியபோது மட்டும் அது முழுக்க முழுக்கக் கட்டளையாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

2011 ஏப்ரல் 2 அன்று வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தபோது, சில மைல் தூரத்தில் தாராவியிலும் சயானிலும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியின் முன்னால் “ஓடு, ஓடு”, “பிடிடா” என்று தொண்டை வற்றக் கத்தியவர்கள் நாம்தான். நேரலை என்று நாம் பார்ப்பது சில நொடிகள் பிந்தித்தான் வீட்டுக்கு வருகிறது. நாம் ஓடச் சொன்ன ஆட்டக்காரர் அதற்குள் ஓடி முடித்திருப்பார். அது தெரிந்தவரும் கத்துவதை நிறுத்துவதில்லை. ஜேம்ஸ் ஹென்ஸ்லின் என்ற சமூகவியலாளர் பகடை உருட்டிச் சூதாடும் டாக்சி ஓட்டுநர்களைக் கவனித்து 1967-இல் எழுதினார். சிறிய எண் வேண்டுமென்றால் மெல்லவும், பெரிய எண் வேண்டுமென்றால் வேகமாகவும் உருட்டினார்கள், பகடையோடு பேசினார்கள், விழ வேண்டிய எண்ணை அதற்குச் சொன்னார்கள். தற்செயலாக மட்டுமே நிகழக்கூடியவற்றிலும் தம் கை இருக்கிறது என்று மனிதர்கள் உணர்வதை 1975-இல் எல்லன் லாங்கர் என்ற உளவியலாளர் சோதனைகள் மூலம் காட்டினார். கை எட்டாத இடத்தில் குரலாவது எட்டட்டும் என்பது சூதாடிக்கு மட்டும் உரிய குணமன்று.

“தாயே, காப்பாத்து” என்று கத்திய மூதாட்டியைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டபோது, “நான் என்னய்யா செய்ய முடியும், அவளத்தான் கூப்பிட்டேன்” என்றார். அன்று கத்தியவர்களில் தன் ஏவல் யாருக்கு என்று தெளிவாக அறிந்திருந்தவர் அவர் ஒருவரே. மற்ற குரல்களையும் இந்தக் குரலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: “அணை” என்று கத்தியவர் தீ அணைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். வாயில் வந்தது ஏவல். உள்ளே இருந்தது வேண்டுதல். வேண்டுதலை உத்தரவாக எண்ணி, ஏன் யாரும் கேட்கவில்லை என்று பிறகு ஒருவரையொருவர் குறை சொல்வதில் நியாயமில்லை. விபத்து நடந்த அடுத்த சில நாட்கள் சங்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. “அத்தனை தடவை சொன்னேனே, அந்தப் பயல் கேட்டானா” என்று பெரியவர்கள் பையன்மேல் கோபமாக இருந்தார்கள்.

உடல் செய்வதும் கூட்டம் செய்வதும்

ஆபத்தைக் கண்டதும் அட்ரினலின் சுரந்து, இதயம் விரைந்து, தசைகள் ஓடவோ மோதவோ தயாராவதை உடலியலாளர் வால்டர் கேனன் 1915-லேயே விரிவாக விளக்கியிருக்கிறார். கதவில் நின்றவர்களுக்கு ஓடவும் மனமில்லை. உள்ளே தங்கள் வீட்டு ஆட்கள் இருந்தார்கள். மோதவும் வழியில்லை, நெருங்க முடியாத வெப்பம். அப்படித் திரண்ட விசைக்குத் திறந்திருந்த ஒரே வழி தொண்டை. பதற்றம் கூடக்கூட மனிதனின் கவனம் சுருங்கி, நடுவில் இருப்பது மட்டும் தெரிந்து ஓரத்தில் இருப்பவை கழன்றுபோகின்றன என்று உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959-இல் எழுதினார். அங்கே நடுவில் இருந்தது தீ. ஓரத்தில் இருந்தவை ரெகுலேட்டரும் அண்டா மூடியும். எல்லோரும் தீயைப் பற்றியே கத்தியதற்கும், மூடியைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லாததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

குழந்தைகள் கடினமான வேலையில் சிக்கிக்கொள்ளும்போது தமக்குத்தாமே உரக்கப் பேசிக்கொள்வது அதிகரிப்பதை உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி கவனித்திருக்கிறார். அது வெறும் பிதற்றல் இல்லை, தன்னைத் தானே வழிநடத்திக்கொள்ளும் முயற்சி என்பது அவர் கருத்து. பெரியவர்களுக்கு அந்தப் பேச்சு உள்ளுக்குள் போய்விடுகிறது. நெருக்கடியில் மறுபடி வெளியே வருகிறது. “சிலிண்டர், சிலிண்டர்” என்று கத்தியவர் பிறருக்கு எதையும் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சிலிண்டரை ஏதோ செய்ய வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த படிக்கு அவர் மனம் நகரவில்லை.

இனி தீயணைப்புப் படைக்கான அழைப்பு. போன் போடுங்கள் என்று குறைந்தது மூன்று பேர் சொன்னார்கள். 101-ஐ யாரும் அழைக்கவில்லை. போன் கையில் இருந்தவர்கள் பலர்; அவர்களில் ஒருவன் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரும் இன்னொருவர் அழைத்திருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். இதை நம்பாமல் இருக்க எனக்குக் காரணமில்லை. உளவியலாளர்கள் பிப் லத்தானேயும் ஜான் டார்லியும் 1968-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே வந்து சொன்னார்கள். மூன்று பேர் சேர்ந்திருந்த குழுக்களிலோ 38 விழுக்காட்டில்தான் ஒருவராவது எழுந்து வந்து சொன்னார். அருகில் ஆள் இருப்பதே பொறுப்பைக் கரைத்துவிடுகிறது. அந்த நிலையில் “யாராச்சும்” என்று தொடங்கும் கட்டளை, கரைந்துகொண்டிருக்கும் பொறுப்பை இன்னும் கரைக்கிறது.

பையன் ஏன் வாளியைத் தூக்கினான் என்பதற்கு அவன் தந்த விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: “அணைன்னாங்க. தண்ணின்னு காதுல விழுந்துச்சு. பக்கத்துல வாளி இருந்துச்சு.” ஊற்றாதே என்று சொல்லப்பட்டது அவனுக்கு எட்டவில்லை. அந்த இரைச்சலில் முதலில் வந்த தண்ணீர் எட்டியது; சொல்லின் கடைசியில் வந்த மறுப்பு அமுங்கிவிட்டது. போதாததற்கு இந்தியில் “பானி” வேறு. ஒன்றை நினைக்காதே என்று சொன்னால் அதுவே மனத்தில் திரும்பத் திரும்ப எழுகிறது என்று உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1987-இல் காட்டினார்கள். செய்யாதே என்று மட்டும் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விட்டால், பதறி நிற்பவனுக்குக் கையில் கிடைப்பது அந்தச் செய்யக் கூடாத காரியமே. “அணை” என்பதும் அந்தப் பையனுக்கு உதவவில்லை. அது முடிவைச் சொல்கிறது. கை எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மற்றவர்கள் மனத்தில் ரெகுலேட்டரை வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னார்கள். அவன் தீயை அணைக்கும் பொருளைத் தேடினான். சொன்னதைச் செய்யத்தான் அவன் வாளியைத் தூக்கினான் என்பதைப் பெரியவர்களிடம் அழுத்தமாகவே எடுத்துச் சொன்னேன். அந்தப் பழி அவன்மேல் தங்கிவிடக் கூடாது.

இது பயிற்சியில்லாதவர்களின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே வரும் விமானத்தின் விளக்குகளைக் கண்டதும், ஓடுபாதையிலிருந்து விலகு, விலகு, விலகு என்று இரண்டில் ஒன்றான பான் ஆம் நிறுவன விமானத்தின் துணை விமானி கத்தினார். தலைமை விமானி விசையைக் கூட்டி விமானத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கத்தல் விமானத்தின் வேகத்தில் ஒரு துளியையும் கூட்டியிருக்க முடியாது. எவ்வளவு பயிற்சி பெற்றவரானாலும், செய்யக்கூடியது கையை விட்டுப் போன நொடியில் வாயில் ஏவல் வருகிறது.

சரியான கட்டளை, உரியவரிடம், ஓங்கிய குரலில் சொல்லப்பட்டும் பலிக்காமல் போவதுண்டு. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து போன விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பிடித்தபோது, உள்ளேயிருந்து எடுக்கப்பட்ட காணொளியில், பைகளை விட்டுவிட்டுக் குதிக்கும்படி பணிப்பெண்கள் கத்திக்கொண்டிருக்கப் பயணிகள் மேலே இருந்த பைகளை இறக்கிக்கொண்டிருந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். விமானத்தில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினார்கள்; தீயணைக்கப் போன வீரர் ஒருவர் இறந்தார். விமானம் நின்றதும் பையை எடுப்பது உடலில் ஊறிய பழக்கம், பதற்றத்தில் பழக்கமே முந்திக்கொள்கிறது.

மும்பைக்காரர்களுக்கு இன்னொன்று தினமும் தெரிந்தது. தாதரில் லோக்கல் வண்டி நின்றதும் வாசலில் தொங்குபவர்கள் “அந்தர் சலோ, அந்தர் சலோ” என்பார்கள். உள்ளே போக இம்மியும் இடமிருக்காது. அது அன்றாட எரிச்சலோடு முடிந்துவிடும். 2017 செப்டம்பர் 29 அன்று அன்றைய எல்பின்ஸ்டன் சாலை நிலைய நடைமேம்பாலத்தில் முடிந்த விதம் வேறு. 23 பேர் இறந்தார்கள். சதுர மீட்டருக்கு ஏழு பேர் அளவுக்கு நெரிந்துவிட்டால் கூட்டம் தண்ணீரைப் போல நகரத் தொடங்குகிறது, தனி மனிதரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை என்று ஜான் ஃபுருயின் என்ற பொறியாளர் எழுதியிருக்கிறார். முன்னால் நசுங்குபவரின் “தள்ளாதீங்க” பின்னால் நிற்பவர் வரை போவதில்லை; பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், ஆனால் அவரும் தள்ளப்படுபவர். அங்கே கட்டளையைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. பாலத்தைத்தான் அகலமாக்க வேண்டும்.

படம் கற்றுக்கொடுத்தது

சினிமாத் திரையில் நிலைமை தலைகீழ். முகூர்த்த நேரத்தில் வாசலிலிருந்து “நிறுத்துங்க!” என்று ஒரு குரல் வந்தால் கெட்டிமேளம் நிற்கும், தாலி எடுத்த கை அப்படியே நிற்கும். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரை உலுக்கி, “கண்ணத் தொறந்து பாரு” என்று கதறினால் விரல் அசையும். அந்த ஏவல்கள் எழுதப்படுவது அந்தக் கட்டிலில் கிடப்பவருக்காக அல்ல, இருக்கையில் இருக்கும் நமக்காக. பாத்திரத்தின் மனத்துக்குள் கேமரா போக முடியாது. என்ன நடக்க வேண்டும் என்று அவர் துடிக்கிறார் என்பதை ஒரே சொல்லில் நமக்குச் சொல்ல ஏவலைவிடக் குறுகிய வழி வசனம் எழுதுபவருக்குக் கிடையாது. சண்டைக் காட்சியில், பின்னால் அடியாள் வருவது தெரிந்த நாயகி “பின்னாடி பாருங்க” என்று கத்துவதும் நாமே அதைக் கத்துவதும் ஒரே நொடியில் நடக்கும்படி அமைப்பது நல்ல இயக்குநரின் திறமை.

சினிமாவைக் குறை சொல்வது எளிது. ஆனால் சினிமாவுக்கு முன்பே நாம் கேட்டு வளர்ந்த கதைகளிலும் ஏவல் பலித்திருக்கிறது. விடியாதே என்று நளாயினி சொன்னாள், பொழுது விடியவில்லை. இன்னாரை விட்டுவிடு, தீயவரைச் சேர் என்று கண்ணகி தீயையே ஏவினாள், தீ கேட்டது. கற்பின் வலிமையையும் சொல்லின் வலிமையையும் பாடும் இலக்கியத்தில் அது பொருந்துகிறது. சமையற்கூடத்துக்கு அது பொருந்தாது என்பதை அறிவு அறியும்; தொண்டை அறிவதில்லை.

சித்தியின் மூன்று ஏவல்கள்

சித்தி கத்தவில்லை என்பதை எல்லோரும் குறிப்பிட்டார்கள். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது வேறு. அவர் ஒருவனைத் தொட்டார்; அவன் கண் தன்மேல் திரும்பிய பிறகே பேசினார். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொன்னார். அது கை செய்யக்கூடிய வேலையாக இருந்தது: வை, மூடு, எடுத்து வா. முடியும் வரை அடுத்ததைச் சொல்லவில்லை. “மூடியாச்சு சித்தி” என்று அவன் திருப்பிச் சொன்னது தற்செயலாக நேர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டபோது அவர் சொன்னார்: “ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர் ஒண்ணக் கேட்டா, எடுத்துக் குடுக்கறவங்க அந்தப் பேரத் திருப்பிச் சொல்லிக் குடுக்கணும் தம்பி. இல்லன்னா அவங்களுக்குக் கேட்டுச்சான்னு யாருக்குத் தெரியும்?” விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தாரும் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். தெனெரிஃபில் நடந்ததற்குப் பிறகு விமானிகளின் பயிற்சியிலும் வானொலிச் சொற்களிலும் வந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்த கவலையும் இதுவே.

இன்னொன்று, அவர் இந்தி பேசும் இளைஞரிடம் இந்தியில் பேசினார். மற்றவர்களுக்கும் அந்த மொழி நன்றாகவே வரும். தினமும் கடையில், வண்டியில் பேசுவதுதான். ஆனால் பயத்தில் தாய்மொழிதான் வாயில் வந்தது. அந்த இளைஞர் என்னிடம், எல்லோரும் தன்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். தண்ணீர் டிரம் அருகே அசையாமல் அவர் நின்றதற்கு அதுவே காரணம்.

தீ அணைந்த பிறகும் ஏவல்கள் ஓயவில்லை. மாஸ்டரின் கையைப் பார்த்து, மஞ்சள் வை, டூத்பேஸ்ட் தடவு, மாவை அப்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சித்தி அவரைக் குழாயடிக்கு அழைத்துப் போய், ஓடும் தண்ணீரில் கையைக் காட்டச் சொல்லி, ஏறக்குறைய 20 நிமிடம் பக்கத்திலேயே நின்றார். மருத்துவர் சொல்வதும் அதுதான். காயம் ஆழமாகாமல் போனதில் அந்தக் குழாய்த் தண்ணீருக்குப் பங்கு உண்டு.

செய்தவையும் முடிவாகாதவையும்

நெருக்கடியில் யாரும் கத்தக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். முதல் “ஐயோ, தீ!” இல்லையென்றால் மண்டபத்தில் இருந்த மாஸ்டருக்கே விவரம் தெரிந்திருக்காது. கத்தல் எச்சரிக்கையாக வேலை செய்தது; வழிநடத்தத்தான் அதனால் முடியவில்லை. “கத்தாதீங்க” என்ற செயலாளரின் கட்டளை அன்று எவ்வளவு பலித்தது என்பதைப் பதிவிலேயே கேட்டோம். பலகையில் எழுதினால் மட்டும் பலிக்கப் போவதில்லை.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், எண்ணெய்ச் சட்டியின் வாயைவிட அகலமான மூடி ஒன்றை ஆணியில் மாட்டியாயிற்று. சிலிண்டர்களைச் சாய்ப்புக்கு வெளியே நகர்த்தி, கதவுப் பக்கத்திலிருந்தே மூடும்படி வால்வு வைத்தாயிற்று. எரியும் சட்டியைத் தூக்கக் கூடாது என்பதை மாஸ்டரே இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் நிரப்பிய சட்டியை வைத்து, பையன்களும் பெண்களுமாகச் சிலர், ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரே வேலையைச் சொல்வதும் சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் பழகினார்கள். தொடக்கத்தில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிறகு குரல்கள் குறைந்தன.

பெயர்தான் சிக்கல். ஒவ்வொரு விசேஷத்துக்கும் வேறு வேறு உதவியாளர்கள் வருகிறார்கள், பாதிப் பேரின் பெயர் மாஸ்டருக்கே தெரிவதில்லை. காலையில் வேலை தொடங்கும்போதே எல்லோருடைய பெயரையும் கேட்டு, கதவுக்கு மேலே சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைக்கலாம் என்றேன். மாஸ்டர் தயங்குகிறார்: “பேரு எழுதிப் போட்டா, கூலித் தகராறுன்னு நெனச்சுப் பயப்படுவானுங்க அண்ணாச்சி.” அதிலும் நியாயம் இருக்கிறது. அதைவிட அவசரமான கேள்வி, பந்தி நடக்கும் நேரத்தில் அடுப்பைவிட்டு நகராமல் நிற்கப் போவது யார் என்பது. தீப்பிடித்ததே மாஸ்டரை இலைக் கணக்குக்கு உள்ளே கூப்பிட்டதால்தான். சித்தியை நிறுத்தலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விசேஷ வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். விழா நடத்தும் வீட்டாரே ஒரு ஆளைத் தர வேண்டும் என்ற விதியை மண்டப வாடகைச் சீட்டில் சேர்ப்பது பற்றி நிர்வாகக் குழு பேசிக்கொண்டிருக்கிறது. தை முகூர்த்தங்களுக்கு முன்பதிவு தொடங்குவதற்குள் அதை முடிவு செய்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.